கொலுவுக்கு வெச்சுக் கொடுக்க 5000 ரூபா: சன்னபட்டணா போயிட்டு வந்தேன்!

வணக்கம் மக்களே! கேமரா கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஸ்டாண்டுல கொலுப்படித் துணி காயுது. சன்னபட்டணான்னா மரப் பொம்மைக்குத்தான் பேர், ஆனா இன்னைக்குப் பொம்மை காட்டப் போறதில்ல. இதோ, இந்தக் குங்குமச் சிமிழ். கிட்டக்க காட்டுறேன், பாருங்க. 55 ரூபா! 75 சொன்னாங்க, 55க்கு வாங்கியாச்சு. அந்தக் கதைக்கு வர்றேன்.

பச்சை டப்பா வீடியோ பார்த்தவங்களுக்கு என் கோவம் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி நான் வெச்சுக் கொடுத்த அதே பிளாஸ்டிக் டப்பா, போன நவராத்திரிக்கு ஒரு வீட்டுத் தாம்பூலப் பையில எனக்கே வந்து சேர்ந்துது. கொடுத்தவங்க மேல வருத்தம் இல்ல. உதவாத பொருளைச் சுத்த விட்டது நான்தான். அதோட 11 ஜாக்கெட் பிட்டு. எல்லாம் 80 சென்டிமீட்டர் பாலியெஸ்டர். யாருக்குங்க அதுல ஜாக்கெட் தைக்க முடியும்? தயவுசெஞ்சு அதைக் கொடுக்காதீங்க. அந்தக் காசுக்கு ரெண்டு முழம் பூ கொடுங்க, அன்னைக்கே தலையில வெச்சுக்குவாங்க.

சொந்தக்காரங்கன்னா யாருக்கு என்ன பிடிக்கும்னு தெரியும். நம்ம பெங்களூர் அல்சூர் அபார்ட்மென்ட்ல, லிஃப்ட்டுல பார்த்துச் சிரிக்கிறவங்க, காய்கறி அம்மா, பையனோட டியூஷன் டீச்சர், இவங்க வீட்டுக்குள்ளகூட நான் போனதில்ல. ஆனா "அரிஷிண குங்குமக்கெ பன்னி", அதாவது மஞ்சள் குங்குமத்துக்கு வாங்கன்னு கன்னடத்துல கூப்பிட்டா அத்தனை பேரும் வருவாங்க. 48 பேர், 5000 ரூபா. அஞ்சு சாமானைத் திணிச்சுப் போடுறதைவிட, தினமும் கையில எடுக்குற மாதிரி உருப்படியா ஒண்ணு கொடுக்கணும்னு இந்தத் தடவை ஒரே பிடிவாதம்.

முதல்ல மெட்ரோவுல சிக்பேட்டை போனேன். அங்க இதே மாதிரி சிமிழ் 40 ரூபா. விரலை ஈரம் பண்ணித் தேய்ச்சேன், சிவப்பு அப்படியே ஒட்டிக்கிச்சு. பெயின்ட் வாடை வேற. வெச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில மெஜஸ்டிக் ஸ்டேஷன்ல ரயில் ஏறினேன். கெங்கேரி, பிடதி, ராமநகரா, அடுத்தது சன்னபட்டணா. 60 கிலோமீட்டர்தான். ரயில்ல மத்தூர் வடை, அது இல்லாம நான் மைசூர்ப் பக்கம் போறதே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். ரயில் காசும் வடைக் காசும் என் கைக்காசு, 5000ல சேராது.

அங்க ஒரு பட்டறையில வேலை செய்யுறதைப் பார்த்தேன். ஆலெ மரம்னு சொல்றாங்க, நம்ம ஊர் வெட்பாலை. கட்டை கடைசல் மெஷின்ல சுத்தும்போது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறாங்க. உரசுற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறுது. பிரஷ்ஷே கிடையாது! அப்புறம் காய்ஞ்ச தாழை மடலை வெச்சுத் தேய்க்கிறாங்க, அந்தப் பளபளப்பு அதுலதான் வருது. நான் அங்கயே அரை மணி நேரம் நின்னுட்டேன்.

இப்ப மூடி விஷயம். இது ரொம்ப முக்கியம். மரச் சிமிழ்ல மூடி லூஸா இருந்தா பையெல்லாம் குங்குமம். இறுக்கமா இருந்தா, மழைக்கு மரம் உப்பி, அவங்க வீட்டுல திறக்கவே வராது. அதனால 48ஐயும் ஒண்ணொண்ணா திறந்து, மூடி, கவுத்து, உலுக்கிப் பார்த்தேன். ஏழு தேறல. கடைக்காரர் முகம் சுளிக்காம ஏழையும் மாத்திக் கொடுத்தார். நாலு டஜன் எடுக்குறேன், அட்டைப்பெட்டி வேண்டாம், சாக்குல போட்டுக் கொடுங்கன்னு கேட்டதும்தான் 75, 60க்கு வந்துது. கையில இருந்த நோட்டை எண்ணி வெச்சேன், 55. 2640 ரூபா! எனக்கு இருக்குற சந்தோஷம், சொல்லி முடியாது.

அய்யோ, குழந்தைகளை விட்டுட்டேன். கூட வர்ற பசங்களுக்குப் பம்பரம், 20 ரூபாய்க்கு 20. அது 400.

வெத்தலை, பாக்கு, மஞ்சள் 480. பழம் 300. தேங்காய் ஒண்ணு 40 ரூபா விக்குது, 48 பேருக்கும் கொடுத்தா அதுவே 1920! அதனால வயசுல பெரியவங்க 9 பேருக்கு மட்டும், 360. அத்தைக்கு இதுல மனசு இல்ல, தேங்காய் இல்லாத தாம்பூலமான்னு கேட்டாங்க. பேசிப் பேசித்தான் சம்மதிச்சாங்க. பை சொன்னேனா? சொல்லல. அவென்யூ ரோடுல மஞ்சப்பை, எட்டு ரூபா, 384. ஆக மொத்தம் 4564.

மிச்சம் 436. செக்யூரிட்டி அண்ணா ரெண்டு பேர், பேப்பர் போடுறவர், குப்பை வண்டி அண்ணா, இவங்களையெல்லாம் கொலுவுக்கு யாருமே கணக்குல எடுக்குறதில்ல. அவங்களுக்கு மைசூர் சாண்டல் சோப்பு. சிங்க உடம்பு, யானைத் தலை, அந்தச் சரபம் போட்ட பழைய அட்டை எனக்கு உசுரு. 2025 செப்டம்பர் 22, அந்த வருஷ நவராத்திரி முதல் நாள்தான் சோப்புக்கு ஜிஎஸ்டி 18லேர்ந்து 5 சதவீதம் ஆச்சு, அதனால 75 கிராம் சோப்பு ஆறு தாராளமா வந்துது.

ஒண்ணு விட்டுப்போச்சு. டியூஷன் டீச்சர் கிறிஸ்தவங்க. அவங்க சிமிழ்ல குங்குமம் போடல, காலியா வெச்சு ரெண்டு முழம் மல்லி. தோடு போட்டு வெச்சுக்கலாம் இல்லியா?

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கும் செக்ரட்டரி வீட்டு அம்மாவுக்கும் ஒரே சிமிழ், ஒரே பை, தட்டுல வெச்சு, உட்கார வெச்சுத்தான் கொடுப்பேன். சமையல்கட்டுலயே கையில திணிச்சு அனுப்புறது எனக்குப் பிடிக்காது. நேத்து அக்காவையே முதல்ல கலர் எடுக்கச் சொன்னேன். மஞ்சளை எடுத்தாங்க.

துணி காய்ஞ்சிடுச்சு. படி கட்டணும், நாளைக்குப் பார்க்கலாம்.