புண்ணாக்கிலிருந்து பாலுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. கோளாறு, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அதில் விட்டுச்சென்ற நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

'விட்டுச்சென்ற' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வெயிலில் போட்டால் பூஞ்சை அடங்கும். நஞ்சு முழுதும் போய்விடாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் அது இருக்கலாம்.

கறவை மாடு அதைத் தின்றால், பி1 என்ற வகை ஈரலில் எம்1 ஆக உருமாறி, ஒரு நாளுக்குள் பாலில் இறங்குகிறது. தின்றதில் சுமார் 1 முதல் 3 சதவீதம் இப்படி வரும். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சுள்ள அடர்தீவனம் 4 கிலோ என்றால், உள்ளே போவது 400 மைக்ரோகிராம். 2 சதவீதம் என்று வைத்தாலும் 8. மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. இந்தியாவில் பாலுக்கு அனுமதித்த உச்ச அளவு 0.5தான்! காய்ச்சினாலும் இது போகாது. பன்னீரில் இன்னும் செறிவாகும், கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால். ஆறுதலான செய்தி ஒன்று: கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் பால் தெளிந்துவிடும்.

கோதுமையில் வேறொரு வேடிக்கை. ஃபியூசேரியம் பூஞ்சையின் டிஆக்சினிவலினால் என்ற நஞ்சோடு பயிரே ஒரு குளுக்கோஸைக் கோத்துவிடுகிறது. வழக்கமான சோதனைக்கு அது தட்டுப்படாமல் போகலாம்; குடல் பாக்டீரியாக்கள் அந்தக் குளுக்கோஸைக் கழற்றியதும் பழைய நஞ்சு வெளியே வந்துவிடும்.

சோதனையில் பெரிய தவறு கருவியில் நேர்வதில்லை, சாக்கின் வாயிலேயே நேர்ந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான நிலக்கடலைப் பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளினால் 'நஞ்சு இல்லை' என்றே முடிவு வரும். பல சாக்குகளில், மேல், நடு, அடி என்று சிறிது சிறிதாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மாவாக அரைத்துக் கலக்கி, அதிலிருந்துதான் 25 கிராம் நிறுக்க வேண்டும். 70 சதவீத மெத்தனால் 125 மில்லி ஊற்றிக் குலுக்கி வடிகட்டினால், வடிநீரைச் சோதனைப் பட்டையிலோ எலிசா என்ற ஆய்வக முறையிலோ பார்க்கலாம். பட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. ஈரம் கோத்துக் கோடு மங்கும். கோடு மங்குவதுதான் நஞ்சுக்கும் அடையாளம் என்பதால், நல்ல தீவனத்தையும் கழித்துவிடுவீர்கள்.

புற ஊதா விளக்கில் மக்காச்சோளம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தால், அது நஞ்சின் ஒளி அல்ல. அதே பூஞ்சை தரும் கோஜிக் அமிலத்தால் வருவது. சந்தேகப்படலாம், அளவு சொல்ல முடியாது. அளவுக்கு எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவி வேண்டும். பாலை அனுப்பும்போது 'எம்1 பாருங்கள்' என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். தீவனத்துக்கான பி1 பட்டையைப் பாலில் நனைத்துப் பயனில்லை.