குடத்தை யார் தூக்குவது? - ஒரு பொங்கல் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், இந்தத் தை மாதப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திருவையாற்று மக்களுக்கும் வணக்கம்.

'நெடுந்தூர ஓட்டப் பயிற்சி குடும்பத்துக்குப் பலமா, பாரமா?' என்பது தலைப்பு. நான் பலம் என்று பேச வந்தவள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் வேலை. வீட்டில் அத்தை, கணவர், இரண்டு பிள்ளைகள். நான்கு வருஷமாக ஓடுகிறேன். 21 கிலோமீட்டர் ஓட்டம் மூன்று முறை, 42 கிலோமீட்டர் ஒரு முறை முடித்திருக்கிறேன்.

பேசக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "விடிகாலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் மருமகள் ரோட்டில் ஓடுகிறாள், மாமியார் குடத்தோடு ஓடுகிறாள். இதில் எந்த ஓட்டம் பெரிய ஓட்டம்?" என்றார். நீங்களும் தட்டினீர்கள். என் தெருக்காரர்களே முன்வரிசையில் உட்கார்ந்து தட்டியதைப் பார்த்தேன். அதனால் குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். குடத்தைப் பேசாமல் இறங்க மாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு பால்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஓடுவது தஞ்சாவூர்ச் சாலையில். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம். எனக்குக் கிலோமீட்டர் கல்லைவிடப் பாலம்தான் கணக்கு. செவ்வாயும் வியாழனும் கண்டியூர் வரை. ஞாயிற்றுக்கிழமை வடவாறு வரை. போய்வந்தால் அரை மாரத்தான் தூரமான 21 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

நான் ஓட ஆரம்பித்ததும் இதே தை மாதம்தான். காலை நாலரை மணி. காவிரிப் பாலத்தைத் தாண்டியிருப்பேன், பின்னால் டிவிஎஸ் 50 சத்தம். இரண்டு பக்கமும் பால் கேன், தலையில் மப்ளர், அறுபது வயதிருக்கும். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார். "என்னாயி, பஸ்ஸை விட்டுட்டியா? ஏறு, கண்டியூர்ல புடிச்சிடலாம்" என்றார். "இல்லைங்கய்யா, சும்மா ஓடுறேன்" என்றேன். அந்தச் 'சும்மா' அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டாம் நாள் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தார். "எவனாவது தொரத்துறானா?" நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, கேனில் தொங்கிய லிட்டர் அளவையைக் கையில் எடுத்துவிட்டார். நீளமான கைப்பிடி வைத்த அளவை. அன்றைக்கு நிஜமாகவே ஒருவன் துரத்திக்கொண்டு வந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்ல சண்டையா ஆயி? ஒங்க அம்மா வீடு எந்தூரு? பாலை ஊத்திட்டு நானே கொண்டாந்து விட்டுடுறேன்." ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். வீட்டம்மாவிடமும் கலந்து பேசியிருப்பார். "சண்டையெல்லாம் இல்லைங்கய்யா, அம்மா வீடு பூதலூர்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பாகிப் போனது. "பூதலூரா? அது மேக்கால இருக்கு. நீ தெக்கால ஓடுறியே!" என்று பதறிவிட்டார். பாவம், வழி தெரியாமல் ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

நான்காம் நாள், "சக்கரையா? எவ்வளவு காட்டுது?" என்றார். சர்க்கரை இல்லை என்றேன். "பிரஷர்?" அதுவும் இல்லை. வண்டியை அணைத்தார். "பஸ்ஸும் இல்லை. எவனும் தொரத்தலை. சண்டையும் இல்லை. டாக்டரும் சொல்லலை. பின்ன எதுக்குத்தான் ஆயி ஓடுற?"

நடுவர் அவர்களே, அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. நானும் நின்றுவிட்டேன். "ஆசையா இருக்குங்கய்யா" என்றேன். "ஆசைக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் அவர் எதுவுமே கேட்கவில்லை. எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி, என் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அறுவடைக் காலத்தில் நம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி ரோட்டில் நெல் கிடக்கும், ஓரத்தில் கல்லை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், இருட்டில் ஒன்றும் தெரியாது. "நெல்லுல காலு வழுக்கிடும் ஆயி. வெளிச்சத்துலயே ஓடு" என்றார். கண்டியூர் வரை அந்த ஹெட்லைட் என் காலுக்கு முன்னால் விழுந்துகொண்டே வந்தது. அன்று கண்டியூரில் பத்து வீட்டுக்காவது பால் தாமதமாகப் போயிருக்கும்.

ஒரு பெண் ரோட்டில் ஓடினால் பஸ், பயம், சண்டை, சர்க்கரை என்று நான்கு காரணம்தான் நமக்குத் தெரியும். ஆசை என்று ஒரு காரணம் இருப்பது நமக்கு மட்டுமில்லை, உலகத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896இலேயே மாரத்தான் ஓடிவிட்டார்கள். பெண்களுக்கு அந்த ஓட்டத்தை வைத்தது 1984இல். நடுவே 88 வருஷம்! 1967இல் பாஸ்டனில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் எண் அட்டையைக் குத்திக்கொண்டு ஓடியபோது, போட்டி நடத்துகிறவர்களில் ஒருவரே பாய்ந்து வந்து அந்த அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். எங்கள் பால்காரர் ஐயாவுக்கு அந்த ஆசை புரிய ஐந்து நாள்தான் ஆனது.

சரி, இப்போது குடத்துக்கு வருகிறேன்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. நான் ஓட ஆரம்பித்த முதல் மாதம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. எங்கள் தெருக் குழாயில் ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நிற்கும். ஒரு நாள் நான் ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது அத்தை நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்தினேன். ஷூவைப் பரணில் போட்டேன். இரண்டு வாரம் ஓடவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினைந்தாம் நாள் என் வீட்டுக்காரர் அந்த ஷூவைப் பரணிலிருந்து எடுத்து வாசலில் வைத்தார். "நீ போ. தண்ணியை நான் பாத்துக்குறேன்" என்றார். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர் அவர். ஐந்து குதிரைசக்தி மோட்டாரைத் தனி ஆளாக வண்டியில் ஏற்றுவார். ஆனால் குடம் வேறு வித்தை. ஆண்களுக்கு அது இடுப்பில் நிற்காது. தோளில் வைத்தார், சட்டை நனைந்தது. தலையில் வைத்தார், ஆளே நனைந்தார். எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, அபிஷேகமா?" என்றார். மறுநாள் சைக்கிள் கேரியரில் பலகை வைத்துக் கட்டி இரண்டு இரண்டு குடமாகக் கொண்டுவந்தார். இன்றைக்கு எங்கள் தெருக் குழாயடியில் காலையில் மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். சற்று முன்னால் கைதட்டிய முன்வரிசைக்காரர்களில் ஒருவரும் அதில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

அண்ணா, ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் அது 15 கிலோ. ஒரு நாளைக்குப் பத்துக் குடம் என்றால் 150 கிலோ. முதலில் காவிரியிலிருந்து, அப்புறம் குழாயடியிலிருந்து என்று என் அத்தை அதைத் தூக்கினார். அவருக்கு முடியாமல் போனபோது நான் தூக்கினேன். நாங்கள் தூக்கிய அத்தனை வருஷமும் அது பாரமா என்று யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. ஒருத்தி ஒரு மணி நேரம் வெளியே போனதும்தான் குடத்தின் கனம் எல்லோர் கண்ணிலும் பட்டது. நான் ஓடப் போனதால்தான் எங்கள் வீட்டில் குடம் கை மாறியது. அண்ணன் எனக்கு எதிராகச் சொன்ன குடம்தான் என் கட்சிக்கு முதல் சாட்சி.

செலவாகிறது என்றார்கள். உண்மைதான். ஷூ எண்ணூறு கிலோமீட்டர் தாண்டுவதே கஷ்டம். நேரம் போகிறது என்றார்கள். அதுவும் உண்மை. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் நாலு மணிக்கு எழ முடியும். சனிக்கிழமை இரவே மாவு ஆட்டி வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்ப முடியும். பெரியவள் பிளஸ் டூ படித்த வருஷம் நான் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் ஓட்டத்தை விடவில்லை. அவள் சைக்கிளில் பக்கத்தில் வருவாள், வேதியியல் சொல்லிக்கொண்டே வருவாள். தப்பாகச் சொன்னால் எனக்குத் தெரியாது, தடுமாறினால் தெரிந்துவிடும். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு விதி உண்டு: பக்கத்தில் வருகிறவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். அதனால் பேசிக்கொண்டே ஓடுவோம். வீட்டில் ஆளுக்கொரு போனோடு மூலையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஐயா, என் அத்தையைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிஷம் கொடுங்கள். அதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

போன வருஷம் 42 கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில் கிடந்தேன். அத்தை வெந்நீர் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "இத்தனை தூரமும் காலாலயா போன?" என்றார். "ஆமா அத்தை." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் ஏழூரும் நடந்தவதான்" என்றார்.

அவர் பிறந்தது வேதிகுடி. சித்திரையில் நம் ஊர்ச் சாமி ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும், மாப்பிள்ளை நந்தி வெட்டிவேர்ப் பல்லக்கிலும் ஏழு ஊர் போவதை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். பாவாடை சட்டை போட்ட வயதில், தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பல்லக்கின் பின்னால் ஏழூரையும் சுற்றியிருக்கிறார். பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தார். ஏழூர்த் திருவிழா என்றால் வீட்டுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். அவர்களுக்கு யார் சமைப்பது? "வந்ததுலேருந்து நாப்பத்தெட்டு சித்திரை. பல்லக்கு கிளம்புற சத்தம் கேக்கும். கரண்டியோட வாசலுக்கு வந்து கும்பிட்டுட்டு உள்ள போயிடுவேன்" என்றார்.

நான் அழுதேன். இவருக்கும் ஓர் ஆசை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லையே என்றுதான் அழுதேன். பால்காரர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் இவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி. எனக்கில்லை, அவருக்கு. சாயங்காலம் புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து கிளம்பி முதலில் ஒரு தெரு, அப்புறம் இரண்டு தெரு, அப்புறம் தில்லைஸ்தானம் போய்த் திரும்புவது. மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், பேச முடிந்தால் நடக்கலாம், அதே விதிதான். வழியெல்லாம் வேதிகுடிக் கதை.

சித்திரை வந்தது. விடியலில் பல்லக்கு கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். திருப்பழனம் தாண்டி ஆற்று மணலில் இறங்கினோம். மணல் சூடு ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று எனக்கு முன்னால் விறுவிறுவென்று போகிறார், அறுபத்தேழு வயதில். சோற்றுத்துறையில் மோர் குடித்தோம். வேதிகுடியில் தான் பிறந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. கண்டியூரில் நம் பால்காரர் ஐயா நின்றார். அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்களும் ஆசைக்கா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றார் அத்தை. பூந்துருத்தியில் கால் வீங்கிவிட்டது. ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். "பல்லக்கோட வந்துட்டு பாதியில ஆட்டோவா?" என்று எழுந்து நடந்தார்.

மறுநாள் தில்லைஸ்தானம் முடித்து ஊருக்குள் வந்து, சாமி பல்லக்குக்குப் பொம்மை பூப்போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். வீட்டில் பதினான்கு பேர் விருந்தாளி. என் கணவரும் பிள்ளைகளும் சமைத்துப் போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அத்தை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தார். என் கணவர் வெந்நீர் கொண்டுவந்து அந்தக் காலடியில் வைத்தார். அத்தை காலை உள்ளே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை நீ எத்தனை மணிக்குக் கிளம்புவ?"

நடுவர் அவர்களே, வணக்கம்.