நியூ ஹாம்ப்ஷயர் தேர்ந்தெடுத்த பேராயர்

அவையோருக்கு வணக்கம்.

ஜீன் ராபின்சன், ஓர் ஆணோடு வெளிப்படையாகக் குடும்பமாக வாழ்ந்தபடியே அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் திருமண்டலத்துக்குப் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதிக்கு) பேராயரானவர். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவில் வருவது ஒரே காட்சி: திருவுடைக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து திருநிலைப்படுத்தப்பட்ட பேராயர். அது நடந்தது உண்மை. 2003 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் டர்ஹம் நகரில், பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அரங்கில் நடந்தது. அந்த நாளோடு அவரை நிறுத்திவிட்டால், மக்கள் அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்காது. அதனால் தேர்தலிலிருந்து தொடங்குகிறேன்.

நம் தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலப் பேரவை சில பெயர்களைத் தேர்ந்து அனுப்பும். அவர்களில் ஒருவரைத் திருச்சபையின் உச்ச அவையான சினாட் பேராயராக்கும். ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையில் அப்படி இல்லை. திருமண்டலமே வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடும். குருமார் தனியாகவும் சபை மக்களின் பிரதிநிதிகள் தனியாகவும் வாக்களிப்பார்கள். ஒரே சுற்றில் இரு பிரிவிலும் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். ஒன்றில் கிடைத்து மற்றதில் தவறினால் அடுத்த சுற்றுதான். 2003 ஜூன் 7, கான்கார்டு நகர் தூய பவுல் ஆலயம். இரண்டாம் சுற்றில் குருமாரின் 77 வாக்குகளில் ராபின்சனுக்கு 58, வேண்டியது 39. மக்கள் பிரதிநிதிகளின் 165 வாக்குகளில் 96; வேண்டியது 83.

வாக்களித்தவர்களுக்கு அவர் புதியவர் அல்லர். 1988 முதல் பேராயர் டக்ளஸ் தியூனரின் முதன்மை உதவியாளராக இருந்தவர். ஒரு சபையில் குருவானவர் பணி காலியானால் அடுத்தவரைத் தேடித் தருவதும், குருவுக்கும் சபைக்கும் மனஸ்தாபம் வந்தால் நடுவில் உட்கார்ந்து பேசுவதும் அந்தப் பொறுப்பின் வேலை. ஏறத்தாழ 50 சபைகள் கொண்ட சின்னத் திருமண்டலத்தில் 15 ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவரைப் பற்றி யாருக்கும் மறைவாக எதுவும் இருந்திருக்காது. அவர் ஓர் ஆணோடு குடும்பமாக வாழ்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வாக்களித்தார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மற்றத் திருமண்டலங்களின் சம்மதமும் வேண்டும். வழக்கமாக அது கடிதம் மூலமே முடிந்துவிடும்: பேராயர்களும் ஒவ்வொரு திருமண்டலத்தின் நிலைக்குழுவும் எழுதி அனுப்புவார்கள், செய்தித்தாளில் நாலு வரிகூட வராது. ஆனால் திருச்சபை முழுவதுக்குமான பொதுப் பேரவை கூடுவதற்கு முந்தைய 120 நாட்களுக்குள் தேர்தல் நடந்தால், அந்தப் பேரவையிலேயே சம்மதம் பெற வேண்டும் என்பது அன்றைய விதி. பேரவை அந்தக் கோடையிலேயே மினியாப்பொலிஸ் நகரில் கூடியது. ஆகவே தபாலில் முடிந்திருக்க வேண்டிய காரியம் உலகத் தொலைக்காட்சிகளுக்கு முன்னால் நடந்தது. எழுந்த கூச்சலில் பாதிக்குக் காரணம் நாட்காட்டிதான் என்பது என் துணிபு.

அந்தப் பேரவையில் பிரதிநிதிகள் அவை, பேராயர்கள் அவை என்று இரண்டு உண்டு. பிரதிநிதிகள் அவையில் ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் குருமார் 4 பேர், மக்கள் 4 பேர். ஒரு நால்வர் அணி இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் அது ‘ஆம்’ கணக்கில் சேராது. அந்தக் கடினமான கணக்கிலும் ஆகஸ்ட் 3 அன்று சம்மதம் நிறைவேறியது. பேராயர்கள் வாக்களிக்கும் நேரத்தில் அவர்மீது ஒரு புகார் வந்தது. வாக்கெடுப்பை நிறுத்தி விசாரித்தார்கள்; நடவடிக்கைக்கு ஆதாரமில்லை என்று கண்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று 62-க்கு 45 என்ற கணக்கில் பேராயர்களும் சம்மதித்தார்கள்.

திருநிலைப்படுத்தும் ஆராதனையில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் கட்டம் இருக்கிறது. டர்ஹமில் மூவர் எழுந்து பேசினார்கள். ஒருவர் உடலுறவை விவரிக்கத் தொடங்கியபோது, தலைமைப் பேராயர் ஃபிராங்க் கிரிஸ்வோல்டு அவரைத் தடுத்து, விவரங்களை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் சொல்லச் சொன்னார். எல்லாரையும் கேட்டு முடித்த பிறகுதான் பேராயர்கள் ராபின்சன் தலைமீது கை வைத்துத் திருநிலைப்படுத்தினார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் வந்த திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்புத் திருச்சபைகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் சட்டமன்றம் கிடையாது. அதன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1998-இல், தன்பாலுறவு வேதத்துக்கு முரணானது என்று 526-க்கு 70 வாக்குகளில் தீர்மானித்தது. 45 பேர் வாக்களிக்கவில்லை. அது அறிவுரையே, சட்டமல்ல. தன்பாலீர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்ற உறுதியும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். அதே 2003-இல் இங்கிலாந்தில் ரெடிங் பேராயராக அறிவிக்கப்பட்ட, தன்பாலீர்ப்பாளரான ஜெஃப்ரி ஜானுக்கு நெருக்கடியால் விலக நேர்ந்தது. அவர் மேலிருந்து நியமிக்கப்பட்டவர். மேலிருந்தே நெருக்கவும் முடிந்தது. நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களை யார் நெருக்குவது?

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பல சபைகள் பிரிந்தன. ஆலயக் கட்டடம் யாருக்கு என்று நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக வழக்குகள் ஓடின. பிரிந்தவர்கள் 2009-இல் வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையை அமைத்தார்கள். 2008 லாம்பெத் மாநாட்டுக்கு ராபின்சனை, ஐக்கியத்தின் தலைவரான கேன்டர்பரி பேராயர் அழைக்கவில்லை. அழைக்காவிட்டாலும் போனார், வெளியே நின்று வந்தவர்களைச் சந்தித்தார். லண்டன் பட்னியில் பிரசங்கம் செய்தபோது ஒருவர் குறுக்கே கத்தினார். அவரை வெளியே கொண்டுபோன பின், அந்த மனிதருக்காக ஜெபியுங்கள் என்று சபையைக் கேட்டுக்கொண்டு ராபின்சன் தொடர்ந்தார்.

ஒரு தவறான செய்தியை இங்கே திருத்தியாக வேண்டும். “மனைவியை விட்டுவிட்டு ஓர் ஆணோடு போய்விட்டார்” என்று இன்றும் சொல்கிறார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். திருமணம் 1972, இரண்டு மகள்கள். மணவிலக்கு 1986. பின்னாள் துணைவரான மார்க் ஆண்ட்ரூவைச் சந்தித்தது அதற்குப் பிறகு. நீதிமன்றத்தில் மணவிலக்கு முடிந்ததும் கணவனும் மனைவியும் குருவானவரோடு ஆலயத்துக்குப் போய், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, மோதிரங்களைத் திருப்பித் தந்து, பிள்ளைகளைச் சேர்ந்தே வளர்ப்போம் என்று வாக்குக் கொடுத்து, நற்கருணை பெற்றார்கள். அந்த அம்மையார் 2003 ஆராதனைக்கும் வந்திருந்தார்.

பேராயராக அவர் செய்ததில் பெரும்பகுதி செய்தியாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பெண்கள் சிறையில் நற்கருணை நடத்தப் போவார். 2006-இல் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறச் சேர்ந்தபோது அதை மறைக்காமல் திருமண்டலத்துக்குக் கடிதம் எழுதினார். நிலைக்குழு அவருக்குத் துணைநின்றது. குணமாகி வந்து பணியைத் தொடர்ந்தார். பெரிய பதவியில் இருப்பவருக்கு இது எளிதல்ல. 2013 ஜனவரியில் ஓய்வு பெற்றார். மார்க்குடனான திருமணம் முடிவுக்கு வருவதை 2014-இல் தாமே பொதுவில் எழுதினார்.

ஓய்வுக்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த மாத்யூ ஷெப்பர்டு, 21 வயது மாணவர், எபிஸ்கோப்பல் சபை வளர்த்த பிள்ளை. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1998 அக்டோபரில் அடித்து வேலியில் கட்டிப்போட்டார்கள். சில நாட்களில் இறந்தார். கல்லறை வைத்தால் யாராவது அவமதிப்பார்கள் என்று அஞ்சி, பெற்றோர் அஸ்தியை 20 ஆண்டுகள் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2018 அக்டோபர் 26 அன்று அந்த அஸ்திப் பேழையை வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்குள் ராபின்சன் கையில் ஏந்தி வந்தார். ஹெலன் கெல்லரின் அஸ்தி இருக்கும் அதே நிலவறையில் அது வைக்கப்பட்டது. பிரசங்கத்தின் முடிவில், தொண்டை அடைக்க, இங்கே உனக்குப் பயமில்லை, வீடு வந்துவிட்டாய் என்ற பொருளில் அந்தப் பிள்ளையிடமே பேசினார்.