முதலில் ரங்கனதிட்டு, அப்புறம் அரண்மனை

வணக்கம் நேயர்களே. மைசூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று ஒரே நாளில் ஓடி முடிப்பார்கள். நேரம் மிஞ்சினால் ரங்கனதிட்டு. நான் சொல்வது, விடிந்ததும் முதலில் அங்கே போங்கள். அரண்மனை எங்கேயும் போய்விடாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரிக்கு நடுவே கிடக்கும் சில திட்டுகள்தான் இந்தப் பறவைகள் சரணாலயம். பரப்பு 0.67 சதுர கிலோமீட்டர். 1640களில் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டால் உருவானவை இந்தத் திட்டுகள். பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி, 1940இல் மைசூர் மன்னர் இதைச் சரணாலயமாக அறிவித்தார். 2022இல் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்ந்தது.

நாரைகள் இங்கே வந்து கூடு கட்டுவதற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் தண்ணீர், தண்ணீரில் முதலை. முட்டை தேடி மரமேறும் பூனையோ கீரியோ அவ்வளவு சுலபத்தில் நீந்தி வராது. படகில் நாம் வந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல். பாறையில் முதலை தெரிந்ததும் படகு முழுக்கக் கூச்சல். முதலை அசையக்கூட அசையாது. மேலே கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால்தான் கஷ்டம். காகத்துக்கு வேறென்ன வேண்டும்?

கோடையில் போனால் மஞ்சள்மூக்கு நாரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெயில் ஏற ஏற, கூட்டில் நின்றபடி இறக்கைகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். ஆற்றில் இறங்கித் தண்ணீரை விழுங்கி வந்து, குஞ்சுகள் மேல் உமிழ்ந்து குளிர்விக்கும். அந்த நேரத்தில் அதைப் பறக்க வைத்தால் குஞ்சு வெயிலில் கிடக்க வேண்டியதுதான். ஆற்று ஆலா என்ற பறவையின் நிலைமை இன்னும் மோசம். அது கூடே கட்டாது, வெறும் பாறையில் முட்டையிடும்.

வனத்துறைப் படகில் போகும்போது எல்லாத் திட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று படகோட்டியை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு மரத்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். கரண்டிவாயன் எது, நத்தைக்குத்தி நாரை எது என்று அலகை வைத்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சு வேண்டுமானால் மெதுவாகப் பேசலாம். செல்போனில் பாட்டு மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

இன்னொரு விஷயம். மேலே கிருஷ்ணராஜசாகர் அணையில் அதிகமாகத் தண்ணீர் திறந்தால் திட்டுகள் மூழ்கும், படகையும் நிறுத்திவிடுவார்கள். அதே தண்ணீர்தான் பிறகு நம் மேட்டூருக்கு வருகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் கிளம்புகிறவர்கள் காவிரி நீர்வரத்துச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வணக்கம்.