உள்ளே எந்தச் சாமி?

நடுவர் அவர்களே, பொங்கல் சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்திலும் எழுந்து போகாத பெருமக்களே, வணக்கம்.

இன்றைய அமெரிக்காவை அதிகம் மாற்றியது 2001 செப்டம்பர் 11-ஆ, 2008 பொருளாதாரச் சரிவா? எதிரணித் தலைவர் என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தார்? "செப்டம்பர் 11-இல் மிச்சம் இருந்தது விமான நிலையத்தில் செருப்பு கழற்றுவது ஒன்றுதான். 2025 ஜூலையில் அதையும் எடுத்தாச்சு. உங்கள் அணி கிளம்பலாம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, செருப்புக்கே வருகிறேன். 2001 டிசம்பர் 22. பாரிஸிலிருந்து மயாமி போகும் விமானம். ரிச்சர்ட் ரீட் என்ற ஆள் ஷூவுக்குள் வெடிமருந்தை வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழிக்கிறான். திரி பற்றவில்லை. நமத்துப் போயிருக்கிறது. கால் வியர்வையும் ஒரு காரணம் என்கிறார்கள்! பயணிகள் பெல்ட்டைக் கழற்றி அவனைக் கட்டிப்போட்டார்கள். வியர்த்தது அவன் கால். 2006-லிருந்து வரிசையில் நின்று கழற்றியது நாம்.

என் அம்மா முதல்முறை அமெரிக்கா வந்தபோது விமானம் மாறும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். திரும்பி என்னைக் கேட்டாள்: "உள்ளே எந்தச் சாமிடா?"

இருங்கள், முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் அன்று யாரும் சொல்லாமலே கழற்றினாள், கையைத் தூக்கினாள், கண்ணையும் மூடிக்கொண்டாள்! வெளியே வந்தால் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். "பிரசாதம் கொடுக்கிற கோயில் பார்த்திருக்கேன், பிடுங்குற கோயிலை இங்கேதான் பார்க்கிறேன்" என்றாள்.

எதிரணித் தலைவரே, செருப்பு திரும்பி வந்தது. கூண்டு போச்சா? அதை நிறுத்தியிருக்கும் விமான நிலையச் சோதனைத் துறை, டி.எஸ்.ஏ., 2001 நவம்பரில் பிறந்தது. செய்தியில் அடிபடும் குடியேற்றக் காவல் துறை, ஐஸ் (ICE), 2003-இல். பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அடைக்கும் குவாண்டனாமோ சிறை 2002 ஜனவரியில் திறந்தது, இன்னும் மூடவில்லை. உங்கள் பங்குச்சந்தையோ 2013-லேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2008-இல் வீட்டை இழந்தவர்களுக்கு என்ன பதில் என்பீர்கள். அதற்குள் நடுவர் மணி அடித்துவிட்டார், நல்லவேளை!

ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. 2021 ஆகஸ்ட் 26, காபூல். செப்டம்பர் 11-க்குப் பதிலடியாகத் தொடங்கிய ஆப்கானிஸ்தான் போரின் கடைசி நாட்கள். அதுவும் விமான நிலைய வாசல்தான், அங்கேயும் சோதனைதான். குண்டு வெடித்தது. செத்தது யார்? ஊரைவிட்டு ஓடிவந்த ஆப்கானியர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களைச் சோதித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்கள் 13 பேர். அதில் ஐந்து பேருக்கு வயது 20. செப்டம்பர் 11-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அன்று கைக்குழந்தைகள்.

ஒருவரின் மனைவி நிறைமாதம். சில வாரத்தில் பெண் பிறந்தாள். அப்பா முகம் பார்க்காதவள். இந்தப் பொங்கலுக்கு நாலு வயது தாண்டியிருக்கும். எல்லாம் முடிந்துவிட்டது, செருப்புகூடத் திரும்பி வந்துவிட்டது என்று அவளிடம் போய்ச் சொல்லுங்கள் ஐயா.