வெப்பமானியும் செய்மதியும்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையின் இந்தப் புழுக்கத்திலும் மண்டபம் நிறைய வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காலநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "தரையிலுள்ள வெப்பமானி ஒன்று சொல்கிறது, செய்மதி இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது?" கேட்பவர் பெரும்பாலும் செய்மதிப் பக்கமே சாய்வார்.

சரி, செய்மதி எதை அளக்கிறது? காற்றிலுள்ள ஒட்சிசன் வெளிவிடும் நுண்ணலையை. அதைக் கொண்டு கணக்குப் போட்டுத்தான் பல கிலோமீற்றர் உயரம் வரையான காற்றின் வெப்பநிலையை எடுக்கிறார்கள். பௌத்தாலோக மாவத்தையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானியோ, ஆளுயரத்தில் நாம் மூச்சுவிடும் காற்றை அளக்கிறது. அளக்கும் பொருளே வேறு.

செய்மதிப் பதிவு 1978 இறுதியில் தொடங்குகிறது. அதைத் தொகுத்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான ரோய் ஸ்பென்சரும் ஜோன் கிறிஸ்டியும். காலநிலை மாற்றத்தை அவ்வளவு பெரிய ஆபத்தாகப் பார்க்காதவர்கள். தொண்ணூறுகளில் அவர்கள் கணக்கில் பூமி சூடாவதாகவே தெரியவில்லை. செய்மதி சிறுகச் சிறுகக் கீழிறங்குவதால் பொய்யான குளிர்ச்சி தெரிகிறது என்று 1998இல் வேறு இரு விஞ்ஞானிகளான பிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் காட்டினார்கள்.

அப்புறம் வந்தது இன்னும் நுணுக்கமானது. செய்மதி ஓரிடத்தைக் கடக்கும் நேரமும் ஆண்டுக்காண்டு நகர்ந்துபோகும். காலிமுகத்திடலில் இந்த ஆண்டு பிற்பகல் 2 மணிக்கும் சில ஆண்டுகள் கழித்து மாலை 5 மணிக்கும் அளந்துவிட்டு, கொழும்பு குளிர்ந்துவிட்டது என்றால் ஒப்புக்கொள்வோமா? இதைச் சரிசெய்யப் போட்ட திருத்தத்திலேயே கூட்டல், கழித்தல் மாறிப் போயிருந்ததை 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அதை ஏற்றுத் திருத்தினார்கள். பத்தாண்டுக்கு 0.09 பாகை செல்சியஸ் என்றிருந்த ஏற்றம் 0.12 ஆனது. எதிர்த்தரப்பு காட்டிய பிழையை ஏற்றுத் தன் எண்ணையே மாற்றுவது சின்ன விஷயமல்ல. அவர்களின் மற்றக் கருத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் இதை மனதார மதிக்கிறேன்.

தரைப் பதிவிலும் குறை உண்டு. நிலையங்கள் இடம் மாறின. கடல்நீரை முன்பு கப்பலிலிருந்து வாளியால் அள்ளி அளந்தார்கள், பிறகு இயந்திரத்துக்கு இழுக்கும் நீரை அளந்தார்கள். இவற்றுக்கும் திருத்தம் உண்டு. நகரத்து வெக்கையைத்தான் உலக வெப்பம் என்கிறார்கள் என்று சொல்பவர்களிடம் கேட்கிறேன்: நடுக்கடலில் ஏது நகரம்? அதுவும் சூடாகிறதே!

வேறுபாடு முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஸ்பென்சர், கிறிஸ்டி கணக்கில் இன்று பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.15 பாகை, தரைப் பதிவுகளில் 0.2ஐ ஒட்டி. இரண்டுமே ஏற்றம்தான்.

ஆகவே யாராவது செய்மதி வரைபடத்தை நீட்டினால் முதலில் தொடக்க ஆண்டைப் பாருங்கள். 1998 பெரிய எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலகக் காற்றையும் சூடாக்கிய ஆண்டு. மேல்காற்றில் அந்தச் சூடு தரையைவிடக் கூடுதலாகத் தெரியும். அங்கிருந்து கோடு போட்டால் பின்வந்த ஆண்டுகள் தட்டையாகத்தான் தோன்றும். அதே பதிவை 1979இலிருந்து வரைந்து காட்டச் சொல்லுங்கள்.