கருவி முதலில் மூச்சிழுக்கட்டும்

அவையோருக்கு வணக்கம். சுரங்க ரயில் நிலையங்களில் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் உணர்கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. டோக்கியோ சுரங்க ரயில்களில் அலுவலக நேரக் கூட்டம். ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவினர் ஐந்து ரயில்களில் நரம்பைத் தாக்கும் சாரின் நஞ்சைக் கசியவிட்டு இறங்கிப் போனார்கள். கசுமிகசெக்கி நிலையத்தில், பெட்டிக்குள் ஏதோ கொட்டிக் கிடக்கிறது என்றதும் ஊழியர்கள் ஓடிவந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை வெளியே எடுத்தார்கள். தரையின் ஈரத்தைத் துடைத்தார்கள். அன்றாடம் செய்கிற வேலைதானே! அவர்களில் இருவர் வீடு திரும்பவில்லை.

அன்று அந்த நிலையத்தில் நஞ்சைக் காட்டிக்கொடுத்தது எது? அவர்களுடைய உடம்புதான். அது சாரின் என்று காவல்துறை அறிவிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மருனோஉச்சி தடத்தில் ஒரு ரயில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக நஞ்சைச் சுமந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை முறை படித்தாலும் என் நெஞ்சு பதறுவது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால், சுரங்கத்தில் ஓடும் ரயில் பிஸ்டனைப் போன்றது. முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் இருப்பதை இழுக்கும். இங்கே கசிந்தது அடுத்த நிலையத்துக்கும் போய்ச் சேரும். 2013-இல் நியூயார்க்கில் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் தீங்கற்ற வாயுவைச் சுரங்கத்தில் விட்டு, அது எங்கெல்லாம் பரவுகிறது என்று அளந்தார்கள். உணர்கருவியை எங்கே பொருத்துவது என்பதற்கு அத்தகைய அளவீடுதான் வழிகாட்டி.

கருவி செய்வது என்ன? காற்றை உறிஞ்சுகிறது, மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றுகிறது, மின்புலத்தில் அவை நகரும் வேகத்தை வைத்து இன்னது என்று இனம்காண்கிறது. சில நொடி வேலை. ஆனால் தரை துடைக்கும் திரவமும் சில நேரம் அதை ஏமாற்றிவிடும். இரண்டு முறை பொய்யாக ஒலித்த மணியை மூன்றாம் முறை யார் நம்புவார்கள்?

வாஷிங்டன் மெட்ரோவில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் உருவாக்கிய ஏற்பாடு இதற்கு நல்ல விடை சொல்கிறது. கருவி ஒலித்ததும் அந்த நடைமேடையின் கேமராக் காட்சி கட்டுப்பாட்டறைக்கு வருகிறது. பயணிகள் கண்ணைக் கசக்கித் தள்ளாடுகிறார்களா, அல்லது துப்புரவுப் பணியாளர் தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறாரா? பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் என் கவலை. திரையைப் பார்ப்பவர் மேலதிகாரியைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தால், கருவி மிச்சப்படுத்திய நொடிகள் வீண். ரயிலை நிறுத்தவும், காற்று விசிறிகளை மாற்றியமைக்கவும், வாயில்களைத் திறந்துவிடவும் அந்த ஒருவருக்கே அதிகாரம் வேண்டும், எழுத்து மூலமாக! தவறான எச்சரிக்கையை நம்பி நிறுத்திவிட்டாலும் அவர்மேல் நடவடிக்கை பாயாது என்ற வரியும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.